சுத்தமாகும் என்று எழுதியவனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பேத்திகள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நாங்களும் சுகம்தான், அப்பாவின் இடது முழங்காலையும் என் வாயையும் தவிர. முழங்காலுக்குத் தைலம் இருக்கிறது, உன் வாய்க்குத்தான் மருந்து இல்லை என்று சொல்லிவிட்டு அப்பா மூன்று நாளாக என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றால்கூட சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டாய், ஏன் அம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று. சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நீ விழாவுக்குக் கோட்டு தைக்கக் கொடுத்ததையும் டிக்கெட் எடுத்ததையும் முன்வரிசையில் ஐந்து நாற்காலி வேண்டும் என்பதையும் மூச்சுவிடாமல் சொல்ல ஆரம்பித்துவிட்டாய், நடுவில் பெரியவள் வந்து பாட்டுப் பாடினாள், சின்னவள் போனைப் பிடுங்கினாள், அவ்வளவுதான், வைத்தாயிற்று. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்கே பேசாமல் இருக்க வேண்டுமானால் கடிதம் ஒன்றுதான் வழி. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுகிறேன் என்றிருக்கிறார். அவர் படிக்காமல் அனுப்பமாட்டார். படிக்கட்டும், அவருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான், அவர் கடையிலும் தண்ணீரைத் தெளிய வைக்கிற அந்தப் பொடி விற்கிறது.

முதலில் இந்த விருதுக் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் சாதனை விருது என்று பத்திரிகையில் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நிம்மதியாக ஒரு வாய் டீ குடித்தது கிடையாது. பூங்கொத்துகளை வைக்க இடமில்லாமல் குளியலறை வாளியில் போட்டிருக்கிறோம், குளிக்கும்போது எடுத்து வெளியே வைத்துவிட்டுக் குளிக்க வேண்டியிருக்கிறது. நான் வேலையில் இருந்தபோது, கிருமித் தட்டுகள் வைக்க ஒரு குளிர்ப்பெட்டி கொடுங்கள் என்று பதினோரு கடிதம் எழுதினேனே, ஒன்றுக்கும் பதில் போடாத அந்தப் பழைய இயக்குநர் போன வாரம் வந்தார். என் ஆராய்ச்சிக்கு ஆரம்பத்திலிருந்தே பக்கபலமாக இருந்தவர் என்று தன்னைப் பற்றித் தானே பத்திரிகைக்காரனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கபலமாம். பக்கத்து அறையில் இருந்தார், அது உண்மை. படம் எடுக்கும்போது என் தோளில் கை போட்டார். கூடத்தில் அப்பா செய்து வைத்த கண்ணாடி அலமாரியில் ஏற்கெனவே பத்தொன்பது, உனக்குத்தான் தெரியுமே. தங்கப் பதக்கம் என்று கொடுத்தது இரண்டே மழைக்காலத்தில் பச்சை பூத்தது. கௌரவ முனைவர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் ஓர் அங்கியைப் போர்த்தியது, அதில் எனக்கு முன்னால் போட்டவரின் வியர்வை நாற்றம் அப்படியே இருந்தது. ஒரு கேடயத்தில் என் முகத்தைப் பொறித்திருக்கிறார்கள், மல்யுத்தக்காரர் மாதிரி இருக்கிறேன், பெரியவள் அதைப் பார்த்துவிட்டு இந்தத் தாத்தா யாரு என்று கேட்டாள். நான் எதையும் சட்டை செய்ததில்லை. வாங்குவேன், கொண்டுவந்து அப்பாவிடம் கொடுப்பேன், அவர் துடைத்து அடுக்குவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், திமிர் என்று இப்போது தெரிகிறது.

மூன்று வாரத்துக்கு முன்னால் மின்னல் நாலு நாள் வேலைக்கு வரவில்லை. அவள் சொல்லாமல் நிற்கிறவள் இல்லை. நீ ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின வருஷம் நம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்தாள், அவள் துடைக்கிற வேகத்தைப் பார்த்து நீ வைத்த பெயர்தான் மின்னல், இப்போது அவள் புருஷனே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். ஐந்தாம் நாள் போன் வந்தது, குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று அழுதாள். பட்டாணிதான், நாலு வயது. நான் போய்ப் பார்த்தபோது, வாந்தியும் பேதியுமாகப் போய் உடம்பில் தண்ணீரே இல்லாமல் நரம்பு கிடைக்காமல் பாதத்தில் ஊசி ஏற்றியிருந்தார்கள். நீ அவள் பிறந்தபோது அனுப்பினாயே ஒரு கம்பளி, அதைத்தான் போர்த்தியிருந்தாள் மின்னல். வார்டில் கட்டிலுக்குக் கட்டில் அதே நோய்தான், எல்லாம் சின்னப் பிள்ளைகள். டாக்டர் என்ன தண்ணி குடுக்கறீங்க என்று கேட்டார். இவள் என்னைக் காட்டி, பெருமையாக, அம்மா கண்டுபிடிச்ச பொடி போட்ட தண்ணிதான் டாக்டர், அஞ்சு வருஷமா வீட்டுல யாரும் வேற தண்ணி வாயில வச்சதில்ல என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எந்தப் பொடியைக் கண்டுபிடித்தேன்? அந்த டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அடையாளம் தெரிந்துவிட்டது, மேடம் நீங்களா, வாழ்த்துகள் என்று போனை எடுத்து என் பக்கத்தில் வந்து நின்று படம் எடுத்துக்கொண்டார். கட்டிலில் அந்தக் குழந்தை உதடு வெடித்துக் கிடக்கிறது. அந்தப் படத்தில் நான் சிரித்திருக்கிறேனாம், மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார். பழக்கதோஷம், கேமராவைப் பார்த்தால் வாய் தானாக இளிக்கிறது. தூ என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். உனக்கு மறந்திருக்காது என் வேலை என்னவென்று, ஆனாலும் எழுதுகிறேன், யாருக்காவது ஒருவருக்காவது ஞாபகம் இருக்கட்டும். ஏரித் தண்ணீரில் அந்தப் பொடியைப் போட்டால் சேறு கீழே படிந்து தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஆனால் கிருமி அப்படியே இருக்கும். அதை நிரூபிக்க ஒன்பது வருஷம், பதினேழு ஏரி, நாலாயிரத்துச் சொச்சம் புட்டி. அந்த நாற்றத்தோடு வீட்டுக்கு வருவேன், நீ என் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று அடம் பிடிப்பாய். ஒன்பது வருஷமும் சேர்ந்து கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் கிடைத்தது, தண்ணீர் தெளியுமே தவிர சுத்தமாகாது. என் வாழ்நாள் சாதனை என்று ஏதாவது இருந்தால் அது அந்த வார்த்தையின் வாலில் இருக்கிற ஆகாதுதான். கேடயத்தில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? தண்ணீர் தெளிந்து சுத்தமாகும் என்று நிறுவியவர். பதக்கத்தின் பெட்டியில் அதே வாக்கியம். பட்டச் சான்றிதழில் அதே வாக்கியம், கட்டம் கட்டி. இரண்டில் மட்டும் வெறும் பெயர், அதில் ஒன்றில் பெயரும் தப்பு. மிச்சம் பதினேழிலும் சுத்தமாகும், சுத்தமாகும், சுத்தமாகும். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு விருதுக்கும் ஒரு தேர்வுக்குழு, குழுவுக்கு நாலைந்து நிபுணர்கள், எல்லாரும் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருத்தர்கூட என் கட்டுரையின் முதல் பக்கத்தைப் புரட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் பார்த்து எழுதினால் முட்டி போட வைப்பார்கள், இவர்களுக்கு மேடையில் நாற்காலி.

முதலில் எவன் எழுதினான் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. பரண் மேலிருந்த பழைய கோப்பை அப்பாவை ஏணி பிடிக்கச் சொல்லி இறக்கினேன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் முதல் பதக்கத்துக்கு விண்ணப்பம் வந்தபோது நீ படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தாய். எனக்கு இந்தக் கருமாந்திரத்துக்கெல்லாம் நேரமில்லை, நீயே எழுதிப் போடு என்று உன்னிடம் தள்ளினேன். நீ பென்சிலில் போட்ட நகல் அந்தக் கோப்பில் இருக்கிறது. சாதனையை இருபது சொற்களுக்குள் எழுதவும் என்ற கட்டத்தில் முதலில் சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், சுத்தமாகாது என்று, அழகான கையெழுத்து. அப்புறம் அதன் மேல் ஒரு கோடு. கீழே சுத்தமாகும். கைதவறி எழுதியிருந்தால் அடித்திருக்கமாட்டாய், யோசித்துத்தான் மாற்றியிருக்கிறாய். எனக்கு உன்னைத் தெரியாதா? ஊரே நம்புகிற ஒன்றை ஆகாது, ஆகாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவளுக்கு எவன் பதக்கம் கொடுப்பான் என்று நினைத்திருப்பாய். அம்மா எதையோ கண்டுபிடித்தாள் என்று நாலு பேரிடம் சொல்ல ஆசைப்பட்டிருப்பாய். நீ நினைத்தது சரிதான். அந்த வார்த்தையை மாற்றியதால்தான் கொடுத்தார்கள். நான் சொன்னதற்கு இதுவரை எவரும் எனக்கு ஒரு தாள்கூட கொடுக்கவில்லை, நான் சொல்லாததற்குத்தான் இத்தனையும். நகலின் அடியில் என் கையெழுத்து இருக்கிறது, தேதியோடு. படிக்காமல் போட்டேன். அதனால் உன்னை மட்டும் திட்ட எனக்கு வாய் கிடையாது, இருவருக்கும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளே விருதுக் குழுவின் செயலாளருக்குப் போன் போட்டு, இந்த விருதுப் பத்திரத்திலாவது ஆகாது என்று திருத்தச் சொன்னேன். மேடம், ரெண்டே எழுத்துதானே மேடம் என்றார். பத்திரம் அச்சாகிவிட்டதாம், மேலே கையெழுத்தாகி வந்துவிட்டதாம், இனி ஒரு புள்ளிகூட மாற்ற முடியாதாம். அப்படியானால் மேடையில் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். நிகழ்ச்சி நிரலில் விருது பெறுகிறவர் பேசுவதற்கு நேரமே ஒதுக்கவில்லையாம், வந்து வாங்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதானாம். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார், பெரிய மனது பண்ணி ஒரு யோசனை சொன்னார், வாசிக்கும்போது சுத்தம்கிற வார்த்தைய விட்டுடறோம் மேடம், தண்ணி தெளியும்னு மட்டும் வாசிச்சுடறோம் என்று. அதுக்குப் பேர் விளம்பரம்யா, விருது இல்ல என்றேன். ஆகாது என்று வாசித்தால் வருகிறேன், இல்லாவிட்டால் இல்லை என்றேன். அதற்கு அந்த மனுஷன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, நல்ல காரியத்துல மேடையேறி ஆகாதுன்னு வாசிச்சா அபசகுனமா இருக்காதா மேடம் என்று கேட்டார். விஞ்ஞானத்துக்கு விருது கொடுக்கிறவர் கேட்கிற கேள்வி. நான் போனை வைத்துவிட்டு, வேண்டாம் என்று இரண்டு வரி எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். அப்பாவுக்கு அன்றைக்கு வந்த கோபம்தான் இன்னும் இறங்கவில்லை. பிள்ளை கோட்டுக்கு அளவு கொடுத்துட்டான், நீ பாட்டுக்கு வேண்டாம்னு எழுதற என்றார், அதோடு அந்தத் தைலக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் பேச்சை நிறுத்தினார்.

விருது போனதுபற்றி எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது. என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறு. பட்டாணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்து பார்க்கப் போனேன். ஒரே வரிசையில் பதினோரு வீடு, எல்லாருக்கும் ஒரே குழாய், மாலை நாலு மணிக்கு அரைமணி நேரம் தண்ணீர் வரும். மின்னல் வீட்டில் ஒரே அறை, மூலையில் அடுப்பு, பக்கத்தில் நீல டிரம். டிரம்மின் மூடி மேல் பொடிப் பொட்டலம், அளக்க ஒரு கரண்டி. அதற்கு நேர் மேலே, ஆணியில், என் கேடயம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அலமாரியில் இடமில்லை என்று ஒன்றை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன், அவள் கேட்டாள் என்று கொடுத்தேன், தொல்லை விட்டது என்றுகூட நினைத்தேன். அவள் அதைத் தினமும் துடைக்கிறாள், பளபளவென்று இருக்கிறது. அதுவரைக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடித்திருக்கிறார்கள். கேடயம் வந்த அன்றைக்குக் கொதிக்க வைப்பதை நிறுத்தினாளாம். அவளைப் பார்த்து வரிசையிலிருக்கிற மிச்சம் பத்து வீடும் நிறுத்தியது. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கத்தில், என் பெயரைப் போட்டு, அதே வாக்கியம்.

நான் வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள், ஒருத்தி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நல்லது, எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னேன், இது தப்பு, நான் சொன்னது நேர் எதிர், இந்தத் தண்ணீரில் கிருமி இருக்கிறது, அதுதான் பட்டாணியைப் படுக்கப் போட்டது, உங்கள் பிள்ளைகளையும் போடும். எல்லாரும் என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். மின்னல் அவர்களிடம் திரும்பி, அம்மாவுக்கு ரொம்ப அடக்கம், எப்பவுமே தன்னப் பத்திப் பெருமையா ஒரு வார்த்த பேசமாட்டாங்க என்றாள். பித்தளையில அடிச்சிருக்காங்களே அம்மா, பித்தளையில தப்பா அடிப்பாங்களா என்று ஒருத்தி கேட்டாள். பின்னே குழந்தைக்கு ஏண்டி வந்தது என்று மின்னலைக் கேட்டால், எங்கயோ ஐஸ் வாங்கித் தின்னுருக்கும் என்கிறாள். கடைசியில் வேறு வழியில்லாமல், இதை எழுதினது என் பிள்ளை, அவன்தான் மாற்றி எழுதிட்டான் என்று உண்மையைப் போட்டு உடைத்தேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மின்னலின் முகம் சுண்டிவிட்டது. அண்ணன் மேல பழி போடாதீங்க அம்மா, அண்ணன் பொய் எழுதாது என்றாள். அப்படியானால் கேடயத்தையாவது கொடு, எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன். குடுத்ததத் திருப்பிக் கேக்கறீங்களே, நான் என்ன தப்பு செஞ்சேன் என்று கண் கலங்கிவிட்டாள். வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு கேன் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். எனக்காக அவள் அதைப் பட்டாணிக்குக் கொடுக்கிறாள், நான் பார்க்கிற வரைக்கும் கொடுக்கிறாள், நான் தெருமுனை திரும்பிய பிறகு என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. அந்த வரிசையில் பட்டாணியைத் தவிர இன்னும் ஆறு பிள்ளைகள், ஒன்று இப்போதுதான் தவழ்கிறது. எழுபத்தோரு வயதுக்காரி எத்தனை கேன் தூக்குவேன். அலமாரியில் இருந்த கேடயங்களை எல்லாம் எடுத்துச் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டேன். அதனால் என்ன பிரயோசனம், ஆணியில் தொங்குகிறதே ஒன்று, அது போதும். பத்திரிகைகளுக்கும் எழுதியிருக்கிறேன், எப்போது போடுவார்களோ, போட்டாலும் அந்த வரிசையில் பத்திரிகை வாங்குகிறவர்கள் யாரும் இல்லை.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அவர்கள் என்னை நம்பமாட்டார்கள், உன்னை நம்புவார்கள். இதைப் படித்து முடித்ததும் போனை எடு. எனக்குப் போடாதே, மின்னலுக்குப் போடு. வரிசையிலுள்ள பெண்களை எல்லாம் கூப்பிட்டு நிறுத்தி ஸ்பீக்கரில் போடச் சொல். முதலில் சரியாக எழுதினேன், அப்புறம் அடித்துவிட்டு மாற்றினேன், எதற்காக மாற்றினேன் என்று உன் வாயால் சொல். கூச்சமாக இருக்கும், உன்மேல் அவள் வைத்திருக்கிற மரியாதை போய்விடும், கம்பளி அனுப்பிய அண்ணனை இனிமேல் பழைய மாதிரி பார்க்கமாட்டாள். தெரிந்துதான் கேட்கிறேன். எனக்கும்தான் முகத்தில் கரி, நான் சாகிற வரைக்கும் அது போகாது. டிக்கெட்டை ரத்து செய்யாதே, விழா இல்லாவிட்டாலும் வாருங்கள், குழந்தைகளைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. கோட்டு வேண்டாம், மின்னல் வீட்டுக்குத்தான் போகப்போகிறோம், அங்கே மின்விசிறிகூட சரியாக ஓடாது.

சின்னவளுக்குப் பல் ஆடுகிறது என்றாயே, நூல் கட்டி இழுக்கிறேன் என்று விளையாடாதே, தானாக விழட்டும். பெரியவள் பாட்டு நன்றாக இருந்தது என்று சொல், அன்றைக்குச் சொல்ல மறந்துவிட்டேன். மருமகள் வேலை வேலை என்று நேரத்துக்குச் சாப்பிடாமல் இருக்கிறாளாம், நீ எடுத்து வைத்தால் சாப்பிடுவாள், கை தேய்ந்து போகாது. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆசியும் இருக்கிறது, இரண்டில் எது கூட என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. நீங்கள் நால்வரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

மறந்துவிடாதே, நாளைக்கும் நாலு மணிக்குத் தண்ணீர் வரும், நாலரைக்கு அவள் கரண்டியை எடுப்பாள், அதற்குள் கூப்பிடு. போனில் தவறு என்று சொல்லாதே, பொய் என்றே சொல். தவறு என்று சொன்னால், அண்ணனுக்கும் அம்மா மாதிரியே அடக்கம் என்று சிரித்துவிட்டுப் பொடியைப் போட்டுவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா